பாஸ்தா வடித்த தண்ணீர்

தண்ணீரைக் கொட்டிய இடத்தில் ஆவி இல்லை.

ஒதீல் காலிப் பானையோடு வேனின் பக்கக் கதவருகே நின்றாள். கொதிக்கக் கொதிக்க வடித்த தண்ணீர் அது. இந்தக் குளிரில் அந்தத் தட்டைக் கல்லின்மேல் நெடுநேரம் புகைந்துகொண்டிருக்க வேண்டும், கஞ்சி வெள்ளையாகப் படிந்திருக்க வேண்டும், கை தவறி விழுந்த இரண்டு மூன்று பாஸ்தாத் துண்டுகளாவது அங்கே கிடக்க வேண்டும். வடிதட்டை அடுப்பு மேடைமேல் வைப்பதற்காக ஒரு கணம்தான் உள்ளே திரும்பினாள். அதற்குள் கல் சுத்தமாகிவிட்டது. கழுவியதுபோல் அல்ல, துடைத்ததுபோல். அதன்மேல் இருந்த ஆழமில்லாத குழிகள் பழைய வீட்டுச் சலவைத் தொட்டி மாதிரி வழவழவென்று மின்னின.

"கதவச் சாத்து, மூடுபனியெல்லாம் உள்ள வருது," என்றான் ரெஜிஸ்.

"தண்ணி எங்க போச்சு?"

"எந்தத் தண்ணி?"

"இப்போ கொட்டினேனே, அது."

"கல்லு குடிச்சிருக்கும். வா, ஆறிடும்."

அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். மலையில் கொட்டிய நீர் எங்கே போனால் என்ன என்று நினைத்துக்கொண்டாள். நினைப்பு ஒட்டவில்லை.

கல்லின்மேல் ஊற்றச் சொன்னதே ரெஜிஸ்தான். வேனின் கழிவுநீர்த் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. கீழே கிராமத்தில் வேன்கள் தண்ணீர் பிடிக்கவும் கழிவை இறக்கவும் வைத்திருந்த இடத்தில், வறட்சி காரணமாக மூடப்பட்டுள்ளது என்று பலகை மாட்டிப் பூட்டியிருந்தார்கள். அதனால் நல்ல தண்ணீரும் இல்லை, கெட்ட தண்ணீரை விடவும் இடம் இல்லை. வேறு யாராக இருந்தாலும் குழாயைத் திறந்து சாலையோரம் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ரெஜிஸ் அப்படிப்பட்டவன் இல்லை. வாழைப்பழத் தோலைக்கூடக் காட்டில் போடமாட்டான். "புல்லு மேல ஊத்தாத, சுடுதண்ணி வேரக் கருக்கிடும். அந்தக் கல்லு மேல ஊத்து," என்றான். அவளும் ஊற்றினாள். பாஸ்தா வேகிற தண்ணீர் கடல்போல் கரிக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. கல்லுப்பைக் கைநிறைய அள்ளிப் போட்டிருந்தாள்.

கடலிலிருந்துதான் வந்திருந்தார்கள். அட்லாண்டிக் கரையில் சில நாட்கள், அலை உடைகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வேனை நிறுத்திக் கிடந்தார்கள். காற்று அடித்து அடித்து வேன் முழுக்க உப்புப் படிந்து, கண்ணாடிகள் பால் ஊற்றியதுபோல் மங்கிப்போயின. அப்பாவும் மகளும் கிளம்புகிற கடைசி நிமிஷம்வரை நீரில் கிடந்தார்கள். கரான்ஸுக்கு ஆறு வயது. உப்பில் விறைத்துப்போன அவள் தலைமுடியை அலசத் தண்ணீர் மிச்சம் இல்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே மலை ஏறினார்கள்.

ஆட்டுக்குட்டி பார்க்க வேண்டும் என்று கரான்ஸ் வழியெல்லாம் நச்சரித்ததால்தான் இந்தக் கணவாய்க்கு வந்தார்கள். இங்கே ஆடு இல்லை. கடைசித் திருப்பத்தில் மேய்ப்பு வேலை பார்க்கும் ஒரு பெண் நாலு சக்கர மோட்டார்சைக்கிளில் உப்பு மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும், காதில் சிகரெட் செருகியிருந்தாள். வேனின் எண்பலகையைப் பார்த்து வாயைக் கோணினாள்.

"வடக்கத்தி ஆளுங்களா? மழைய விட்டுட்டு மூடுபனிக்கு வந்திருக்கீங்க. நல்ல முன்னேற்றம்."

"இங்க ராத்திரி தங்கலாமா?" என்று ரெஜிஸ் கேட்டான்.

"தங்குங்க. நான் ஆட்டுக்காரி, போலீஸ் இல்ல."

"ஆடு இங்க வருமா?" என்றாள் கரான்ஸ், சன்னல் வழியே தலையை நீட்டி.

"வராது, கண்ணு. நான் எங்க உப்பு வைக்கிறேனோ அங்கதான் வரும். உப்ப அந்தச் சரிவுல வைக்கிறேன்."

ரெஜிஸ் சாலையோரத்துத் தட்டைக் கல்லைக் காட்டினான். "அப்போ இது? இதுவும் ஆடு நக்க உப்பு வைக்கிற கல்லுதானே?"

"இருந்துச்சு. எனக்கு முன்னாடி இருந்தவன் இங்கதான் வெப்பான். அவனுக்கு ஒவ்வொரு கோடையும் ஆடு குறைஞ்சுது. கரடின்னான்."

"கரடிதானா?"

அவள் மூட்டையின் கயிற்றை இறுக்கினாள். "நான் உப்ப அந்தப் பக்கம் வைக்கிறேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சிகரெட்டுக்கு நெருப்பு இருக்கா?"

நெருப்பு வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு மூடுபனிக்குள் போய்விட்டாள். ஊர்க்காரர்கள் சுற்றுலாக்காரர்களைப் பயமுறுத்தி விளையாடுவது வழக்கம்தான் என்று ரெஜிஸ் சிரித்தான். தரை சரிவாக இருந்ததால் முன்சக்கரங்களுக்கு அடியில் மஞ்சள் கட்டைகளைச் செருகி, வேனை ஏற்றி, மட்டம் பார்த்து, திருப்தியாகக் கையைத் தட்டிக்கொண்டான்.

அவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது வெளியே இன்னும் இருட்டவில்லை. ஜூன் மாத வெளிச்சம் லேசில் போகாது. ஆனால் அது வெளிச்சமாகவும் இல்லை. சன்னல்களுக்கு வெளியே ஈரச் சாம்பல் நிறம் ஒன்று நின்றுகொண்டிருந்தது, அதற்கு முன்னும் பின்னும் எதுவும் இல்லை. வேனுக்குள் வெண்ணெயும் எரிவாயுவும் நனைந்த துண்டுகளும் கலந்த வாசனை. கூரையிலிருந்து எப்போதாவது ஒரு சொட்டு விழுந்தது. சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில் மலை முழுக்கத் தன் பக்கம் காது திருப்பியிருக்கிறது என்று ஒதீலுக்குத் தோன்றியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

முரட்டுத் துணியைக் கல்லில் இழுப்பதுபோல. நீளமாக ஒரு இழுப்பு, ஒரு இடைவெளி, மீண்டும் நீளமாக ஒன்று. அவசரம் இல்லாத சத்தம். கல் இருந்த பக்கத்திலிருந்து வந்தது.

"மாடு," என்றான் ரெஜிஸ், வாய் நிறைய பாஸ்தாவோடு.

"மணி கேக்கலயே."

"என்ன மணி?"

"கழுத்து மணி. கீழருந்து மேல வர்ற வரைக்கும் பாத்தோம்ல, குதிரைக்குக்கூடக் கட்டியிருந்தாங்க. மணி இல்லாத மாடு இங்க ஏது?"

ரெஜிஸ் மெல்லுவதை நிறுத்திக் காதுகொடுத்தான். மணி இல்லை. குளம்புச் சத்தம் இல்லை. மூச்சுச் சத்தமும் இல்லை. இழுப்பு மட்டும்.

"அதுக்கென்ன, மணி அறுந்து விழுந்திருக்கும்," என்றான். ஆனால் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

பிறகு அந்தச் சத்தம் இரண்டாக ஆனது. பிறகு எத்தனை என்று பிரிக்க முடியவில்லை. கல்லை விட்டு நகர்ந்தது. புல்லில் எதுவும் நடந்ததாகக் கேட்கவில்லை. அடுத்த இழுப்பு வேனின் தகரத்தில் விழுந்தது, அவர்கள் முதுகுக்குப் பின்னால். தகரம் மெல்ல உள்ளே அமுங்கி மீண்டும் வெளியே வந்தது.

ஒதீல் எதிர்ச் சன்னலைப் பார்த்தாள். உப்பு படிந்து மங்கிய கண்ணாடி. அதன் கீழ் ஓரத்திலிருந்து மேல் ஓரம்வரை ஒரு பட்டை, உள்ளங்கை அகலத்துக்கு, தெளிவாகிக்கொண்டே போனது. கண்ணாடி துடைக்கிறவர் வேலை செய்வதுபோல். பட்டைக்கு அப்பால் வெறும் மூடுபனி. எந்த முகமும் இல்லை. பக்கத்திலேயே இரண்டாவது பட்டை தொடங்கியது.

"உப்பு," என்றாள்.

"என்ன?"

"வேன் பூரா உப்பு, ரெஜிஸ்."

பின்னால் படுக்கையிலிருந்து கரான்ஸ் கிளுகிளுவென்று சிரித்தாள்.

சாப்பிட்ட கையோடு படுக்கைக்கு ஏறிப்போயிருந்தாள். படுக்கையருகே காற்றுக்காகத் திறந்துவைக்கும் ஒரு சின்னச் சன்னல் உண்டு. ஒதீல் எழுந்து திரும்பியதுமே பார்த்துவிட்டாள். குழந்தையின் வலது கை, முழங்கைவரை, அந்த இடுக்கு வழியே வெளியே இருந்தது.

"கூசுது மா! ரொம்பக் கூசுது!"

எப்படிப் பாய்ந்தாள் என்று தெரியவில்லை. குழந்தையின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். கை வர மறுத்தது. வெளியே இருந்தது கடிக்கவில்லை, பிடிக்கவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரம் பிரிகிற சத்தத்தோடு கை வந்தது. ரெஜிஸ் சன்னலை அறைந்து சாத்தினான்.

"காட்டு. கையக் காட்டு, செல்லம்."

ரத்தம் இல்லை. கீறல் இல்லை. கை சுத்தமாக இருந்தது. அதுவரை ஒதீல் பார்த்த எந்தக் கையையும்விடச் சுத்தமாக. முழங்கைக்குக் கீழே வெயிலின் கருப்பு போய்விட்டிருந்தது. விரல் முட்டிகளில் மடிப்பு இல்லை. நகங்கள் இருந்த இடம் சமமாக இருந்தது. உள்ளங்கையைத் திருப்பினாள்.

ரேகை இல்லை.

ஒன்றுகூட இல்லை. சோப்புக் கட்டிபோல் இருந்தது.

"வலிக்குதா?" என்று ரெஜிஸ் கேட்டான். அவன் உதடு வெளுத்திருந்தது.

"இல்லப்பா. நல்லா இருந்துச்சு," என்றாள் கரான்ஸ். "ஏன் சன்னல மூடின?"

ஒதீல் கணவனைப் பார்த்தாள். "கிளம்பு. இப்பவே."

"இந்த மூடுபனியிலயா? ஒத்த வண்டிப் பாதை, ஒதீல். ஒரு பக்கம் பள்ளம்."

"பள்ளத்துல விழுந்தாலும் பரவால்ல. கிளம்புடா."

அவன் தலையாட்டினான். சாவியை எடுத்து ஓட்டுநர் இருக்கைப் பக்கம் போனான். சாவியைத் துளையில் செருகினான். பிறகு நின்றான். அவன் முகத்தில் அந்தப் பழைய, அவளுக்கு நன்றாகத் தெரிந்த, ஒழுங்கான யோசனை ஒன்று வந்து உட்கார்ந்ததை ஒதீல் பார்த்தாள்.

"சக்கரத்துக்கு அடியில கட்டை இருக்கு."

"இருக்கட்டும்."

"எடுத்துட்டு வந்துடறேன். ரெண்டு பக்கமும். அரை நிமிஷம்."

"ரெஜிஸ், வேணாம்—"

"மேல ஏறி எறங்கினா சறுக்கும். பள்ளம் இந்தப் பக்கம். அரை நிமிஷம்தான்."

அவன் கதவைத் திறந்து இறங்கிவிட்டான். சறுக்காது. முன்னால் உருட்டினால் வேன் தானாகவே கட்டையிலிருந்து இறங்கிவிடும். இத்தனை பயணத்தில் அவளுக்கே தெரிந்த விஷயம் அது, அவனுக்குத் தெரியாதா? ஆனால் ரெஜிஸ் எதையும் ஒரு இடத்தில் விட்டுவிட்டுப் போகிறவன் இல்லை. கதவு சாத்திக்கொண்டது. அதன் பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது, அவனும் காலையில் கடலில் கிடந்தவன் என்பது.

தகரத்தின் மேல் இழுப்பு நின்றது.

எல்லாப் பக்கமும். ஒரே சமயத்தில்.

"ஒரு கட்டை வந்துருச்சு!" வெளியிலிருந்து அவன் குரல். "ஒண்ணும் இல்ல இங்க, ஒதீல். வெறும் மூடு—"

நின்றது. பிறகு ஒரு சிறு சிரிப்பு.

"ஏய்... ச்சீ. ஏய், விடு." மீண்டும் சிரிப்பு. ரெஜிஸுக்குக் கூச்சம் அதிகம். விலாவில் விரல் வைத்தால் தரையில் உருளுவான். அந்தச் சிரிப்புதான் இது. அவளுக்குத் தெரியும். "விடுங்கடா... ஐயோ... ஒதீல்... முடியல..."

"அப்பா விளையாடறாரா?" என்றாள் கரான்ஸ்.

சிரிப்பு ஏறியது. மூச்சு வாங்கவும் இடமில்லாத சிரிப்பு. அதில் சொற்கள் இருந்தன. பிறகு சொற்களின் ஓரங்கள் மழுங்கின. முதலில் உதட்டில் பிறக்கும் ஒலிகள் போயின. பிறகு பல்லில் பிறப்பவை. கடைசியில் காற்று மட்டும் மிஞ்சியது, உள்ளே போய் வெளியே வந்து, உள்ளே போய் வெளியே வந்து. அப்போதும் அது சிரிப்புதான்.

ஒதீல் கதவுப் பிடியில் கை வைத்தாள். அவள் திறக்கவில்லை.

கையை எடுத்தாள்.

குழந்தை. குழந்தை முழுக்க உப்பு. குடிக்க வாங்கிய தண்ணீர் பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. கரான்ஸை மேசைமேல் நிறுத்தி, சட்டையை உரித்து, துண்டை நனைத்துத் தேய்த்தாள். கழுத்து. காது மடல். விறைத்த முடி. தண்ணீர் கால்வழியே தரைக்கு ஓடியது. தரையிலிருந்து எங்கே போகும்? எங்கேயாவது இடுக்கு வழியே கீழே போகும். வேனின் அடிப்பகுதியில் ஒரு இழுப்பு கேட்டது.

"குளிருது. அப்பா எங்க?"

"வருவார்."

"அப்பா வேணும்."

"அழாதே, கண்ணு. அழாதே. எது வேணாலும் பண்ணு, அழாத."

அழுதாள். ஆறு வயதுக் குழந்தை வேறென்ன செய்யும்? கண்ணீர் திரண்டு கன்னத்தில் இறங்கியது. இறங்கிய கணத்தில் வேனின் எல்லாச் சத்தமும் குழந்தை நின்ற பக்கத்துக்கு நகர்ந்தது. தகரம் உள்வாங்கியது. வேன் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒதீல் துண்டால் அந்தக் கண்களை அழுத்தித் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வந்தது. தன் நெற்றியிலும் வியர்வை. முதுகில் வியர்வை. பயந்த உடம்பு உப்பைத்தான் கக்குகிறது.

குழந்தையைத் தூக்கி முன் இருக்கையில் போட்டுப் பெல்ட்டை மாட்டினாள். சாவியைத் திருப்பினாள். என்ஜின் பிடித்தது.

முன்கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஓர் உப்புப் பொட்டுகூட இல்லை. விளக்கைப் போட்டாள். வெள்ளைச் சுவர். சுவருக்கு முன்னால், வலது சக்கரத்தருகே, ஒன்று மண்டியிட்டிருந்தது. மஞ்சள் கட்டையை மார்போடு அணைத்திருந்தது. ரெஜிஸின் ஸ்வெட்டர். ஸ்வெட்டருக்கு மேலே இருந்தது அவள் பக்கம் திரும்பியது. திரும்பியது என்று எப்படித் தெரிந்தது? அதில் திரும்புவதற்கு ஒன்றும் இல்லை. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாக இருந்தன. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

அவள் கியரைப் போட்டாள். இடது சக்கரம் கட்டையிலிருந்து இறங்கியது. வேன் குலுங்கி முன்னால் போனது. சறுக்கவில்லை.

பள்ளம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஓட்டினாள். சாலையோரத்துக் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு இறங்குவதுபோல் இறங்கினாள். பின்னால் சத்தம் இல்லை. அடுத்த திருப்பத்திலும் இல்லை. அதற்கடுத்த திருப்பத்தில் மரங்கள் வந்தன. மூடுபனி கந்தலாகி, கந்தல்களுக்கு நடுவே ஈரமான தார் தெரிந்தது. கரான்ஸ் அழுகையை நிறுத்தியிருந்தாள். திடீரென்று, ஒரு விக்கல்கூட இல்லாமல் நிறுத்தியிருந்தாள். ஓரக்கண்ணால் பார்த்தபோது தன் இடது கையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். சின்ன வயதுப் பழக்கம் திரும்பிவிட்டது என்று ஒதீல் நினைத்தாள். இருக்கட்டும். அழாமல் இருந்தால் போதும்.

முதல் விளக்குக் கம்பம்.

கிராமம். மூடிய மரச் சன்னல்கள், வறண்ட நீரூற்று, யார் வீட்டிலோ நீலமாகத் துடிக்கும் தொலைக்காட்சி. யாரோ வெங்காயம் வதக்கும் வாசனை. ஒதீல் வேனை நிறுத்தினாள். கைபேசியில் சிக்னல் வந்திருந்தது. யாரை அழைப்பது, என்ன சொல்வது? என் கணவன் மேலே இருக்கிறான். என் கணவன் மேலே சிரித்துக்கொண்டிருக்கிறான். விரல் எண்ணில் விழ மறுத்தது. இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது உடைந்தது. அழுதாள். இங்கே அழலாம். இங்கே விளக்கு இருக்கிறது, மனிதர்கள் இருக்கிறார்கள்.

கரான்ஸ் பெல்ட்டைக் கழற்றினாள். ஊர்ந்து வந்து அம்மாவின் மடியில் ஏறினாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முகத்தை வைத்தாள்.

முத்தம் என்று நினைத்தாள் ஒதீல்.

நாக்கு. அகலமானது. உலர்ந்தது. தாடையிலிருந்து கண்வரை, நீளமாக, ஒரே இழுப்பு.

"கரான்ஸ்."

இடைவெளி. மீண்டும் ஒரு இழுப்பு.

"கரான்ஸ், போதும். கண்ணு, போதும்மா."

தலையை விலக்கப் பார்த்தாள். ரேகையில்லாத கை அவள் பிடரியைப் பிடித்திருந்தது. ஆறு வயதுக் குழந்தையின் பிடி அல்ல. கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. சிறுவயதிலிருந்தே அந்தக் கன்னத்தில் இருந்த பழுப்புப் புள்ளிகளை ஒரு பட்டை வெட்டியிருந்தது, உள்ளங்கை அகலத்தில். பட்டைக்குள் புள்ளி இல்லை, சுருக்கம் இல்லை, மயிர்க்கால் இல்லை. பக்கத்திலேயே இரண்டாவது பட்டை தொடங்கியது. அது கண்ணின் ஓரத்தைத் தொட்டது.

வலிக்கவில்லை.

கூசியது.

உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. வயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சை உலுக்கி, அது வெளியே வந்தது. ஒதீல் சிரித்தாள். சத்தமாக, தெரு முழுக்கக் கேட்கும்படி, மூச்சு வாங்க இடமில்லாமல் சிரித்தாள்.

மேலே ஒரு மரச் சன்னல் திறந்தது. வேனுக்குள் விளக்கு வெளிச்சத்தில் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒருத்தி சிரிப்பது அங்கிருந்து நன்றாகத் தெரிந்திருக்கும்.

"விடுமுறைக்கு வந்தா ஊரே உங்களுதா?" என்று ஒரு கிழக்குரல் கத்தியது. "மெதுவாச் சிரிங்க, மேடம்!"

சன்னல் சாத்திக்கொண்டது.